கூடாரத்துக்கு ஒரு கம்பு

கிளாக்ஸ்விக், பரோயே தீவுகள்
12 பிப்ரவரி 1968

அன்புத் தங்கை மாலேனேவுக்கு,

முதலில் உட்கார்ந்துகொள். கையில் சூடாக ஏதாவது இருந்தால் கீழே வைத்துவிடு. எழுதுவது உன் அண்ணன். நான் உயிரோடு இருக்கிறேன். உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, இடது கையில் ஒரு விரலின் நுனி மட்டும் வலை இழுக்கும் கயிற்றில் மாட்டிப் போய்விட்டது. நீங்கள் எல்லோரும் சுகமா? அப்பா இருக்கிறாரா? இந்த ஒரு வரியைக் கேட்க எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

போன மாதம் இங்கே துறைமுகத்தில் நம் பக்கத்து மாலுமி ஒருவனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் குடித்துக்கொண்டிருந்த காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். "டேய், நீ செத்துட்டியேடா! உனக்குச் சிலுவையெல்லாம் நட்டாச்சுடா!" என்று கத்தினான். அவனும் ஊரைவிட்டு வந்து ஐந்து வருடமாம், வேறு ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. நான் செத்துப்போன சேதி எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்தச் செப்டம்பரில் நான் கடைக்கோடிப் பாறைக்குப் போனபோது, இந்த ஊர் மீன்பிடிக் கப்பல் ஒன்று குடிதண்ணீர் பிடிக்க ஒதுங்கியிருந்தது. அவர்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. ஏறிவிட்டேன். என் தோல்படகை மேலே இழுத்து வைத்தேன். ஈட்டி முனையையும் கையுறைகளையும் ஒரு தட்டைக் கல்லுக்கு அடியில் வைத்தேன். யாருக்காவது பயன்படட்டும் என்று நினைத்தேன். அதைப் பார்த்தாலே நான் என் காலால்தான் போனேன் என்று உங்களுக்குப் புரிந்துவிடும் என்றும் நினைத்தேன். புரிந்தும் யாரும் தேடவில்லை என்றுதான் இத்தனை நாளும் இருந்துவிட்டேன்.

ஏன் போனேன் என்று உனக்குத் தெரியும். அதை இன்றைக்கு எழுத முடியவில்லை.

அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே. கேட்க விரும்புவாரா என்று முதலில் எனக்கு எழுது. உறையின் மேல் 'ஸ்வெரி' என்று போடு. ஏறிய அன்று கப்பல்தலைவர் ஆள் பட்டியலில் அப்படித்தான் எழுதினார். நானும் திருத்தவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்

*

கங்காத்சியாக்
7 ஏப்ரல் 1968

அண்ணா,

சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. செத்தவனிடம் சுகம் விசாரித்து எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் கேட்கிறேன். சுகமா? அந்த விரலுக்கு மருந்து போட்டாயா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த ஊரில் சீல் கறி கிடைக்குமா, அல்லது ஆட்டுக்கறியை மென்றே காலம் தள்ளுகிறாயா?

கடிதத்தைக் கடைக்குப் பின்னால் நின்று படித்தேன். படித்து முடித்ததும் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரி ஓடிவந்து, "என்னடி, மயக்கமா? மறுபடியும் உண்டாயிருக்கியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் ஊர் முழுவதும் பரவிவிட்டது. இனி அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும்.

செத்தும் கெடுத்தான் என்பார்கள். நீ சாகாமலே கெடுத்தவன். மூன்றாம் நாள் காற்றடங்கியபின் உன் படகு குப்புறக் கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தது. பத்து நாள் தேடினோம். கோயில் மணி அடித்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் வைக்க உன் உடம்பு இல்லாததால், அப்பா கரையொதுங்கிய மரத்தில் தன் கையாலேயே சிலுவை செய்து அந்தப் பாறைக்குக் கொண்டுபோனார். நட்டது அவர்தான். யாரையும் பக்கத்தில் விடவில்லை. கல்லடியில் இருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை அண்ணா. பார்த்திருந்தால் நீந்தியாவது வந்து உன் காதைத் திருகியிருப்பேன்.

அப்பா இருக்கிறார். முழங்கால் தகராறு செய்கிறது, வாய் எப்போதும்போலச் சிக்கனம். மறுபடியும் ஒன்பது நாய்கள் வளர்க்கிறார். உன் கூட்டாளி யோனாஸ் என்னைக் கட்டிக்கொண்டதற்கு இன்னும் வருத்தப்படவில்லை என்கிறான். நீ போகும்போது தத்தித் தத்தி ஓடிக்கொண்டிருந்த நிவிக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் எழுத்து அழகு என்று பெயர் வாங்கியிருக்கிறாள். அப்போது என் வயிற்றிலிருந்தவனுக்கு ஐந்து வயது.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லத் தாளில் இடமில்லை. பின்பக்கம் காலியாக இருப்பது எனக்கும் தெரிகிறது.

அப்பாவிடம் சொல்லவில்லை. உன் கடிதம் மாவு டப்பாவின் அடியில் இருக்கிறது.

திட்டித் தீராத,
மாலேனே

*

கிளாக்ஸ்விக்
20 மே 1968

அன்புள்ள மாலேனே,

உன் வசவு வந்து சேர்ந்தது. நான்கு முறை படித்தேன். இங்கே மழையும் ஆடும் தவிர வேறில்லை. விரல் ஆறிவிட்டது. உன் மயக்கம் தெளிந்ததா? யோனாஸிடம் நான் கேட்டதாகச் சொல்.

போன கடிதத்தில் எழுத முடியாததை இப்போது எழுதிவிடுகிறேன். அந்த மே மாதம் உறைந்த கடல்மேல் நாய்வண்டியோடு நான் கிளம்பியபோது அப்பா என்னிடம், "முனையச் சுத்திப் போ. நடுவுல நீரோட்டம் அடியில அரிச்சிருக்கும்" என்றுதான் சொல்லி அனுப்பினார். எனக்கு இருபத்தொரு வயது, எல்லாம் தெரிந்த வயது. நேர்வழியே விட்டேன். பனி உடைந்து வண்டி முதலில் உள்ளே போயிற்று. நான் அதன் பின்கட்டையை மிதித்து எம்பி விளிம்பைப் பிடித்து ஏறிவிட்டேன். நாய்கள் வாரில் கட்டுண்டிருந்தன. கத்தியை எடுத்து வாரை அறுப்பதற்குள் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போயிற்று. பதினொன்று. அப்பாவின் பதினொன்று. முன்நாய் கடைசிவரை என்னையே பார்த்தது, இவன் ஏதாவது செய்வான் என்று.

அப்பா வந்தார். ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பி வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கும் பேசவில்லை, அந்தக் கோடை முழுவதும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. என் தட்டில் கறியை மட்டும் வைத்துக்கொண்டே இருந்தார். அடித்திருந்தால் இருந்திருப்பேன் மாலேனே. இரண்டு அடி போதும், அழுதுவிட்டு இருந்திருப்பேன்.

எனக்குத் தெரிந்த கப்பல் ஒன்று ஆகஸ்டில் உங்கள் பக்கம் வருகிறது. வழியில் இறக்கிவிடுவதாகக் கப்பல்தலைவர் சொல்கிறார். வா என்று ஒரு வார்த்தை நீ எழுதினால் ஏறிவிடுவேன். அது மட்டும்தான் எனக்கு வேண்டும். அப்பா முகத்தைப் பார்த்து நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று கவனித்தேன். நிவியின் பெயரை எழுதியவள் பையனின் பெயரை எழுதவில்லை. நீ கழுவுற மீனில் நழுவுற மீன் என்பது எனக்குத் தெரியும். அவன் பெயர் என்ன?

அன்புடன்,
அண்ணன்

*

கங்காத்சியாக்
24 ஜூன் 1968

அண்ணா,

கொசு வந்துவிட்டது. கோடை வந்துவிட்டது என்று அர்த்தம். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் ஊர் மழை நின்றதா?

பையன் பெயர் செவரீன்.

எழுதிவிட்டேன். வேறு என்ன வைப்போம், நீயே சொல். வீட்டில் ஒருவர் போனபின் பிறக்கும் முதல் பிள்ளைக்கு அவர் பெயர்தானே, அவரே திரும்பி வந்ததாகத்தானே கணக்கு. நீ செப்டம்பரில் போனாய், அவன் ஜனவரியில் வந்தான். அப்பாதான் தூக்கி வைத்துக்கொண்டு பெயரைச் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. துக்கம் என்று நினைத்தோம்.

அன்றிலிருந்து அவன்தான் நீ. நான் பெற்ற பிள்ளையை நானே அண்ணா என்று கூப்பிடுகிறேன். அவன் என்னைத் தங்கச்சி என்கிறான். எட்டு வயது நிவிக்கு ஐந்து வயதுத் தம்பி மாமாவாகிவிட்டான். பெற்ற அப்பனை, "மச்சான், தண்ணி கொண்டு வா" என்று வேலை வாங்குகிறான். உன் அப்பா அவனுக்கும் அப்பா. இவனைத் திட்டவும் முடியாது, போனவனைத் திட்டுவதுபோல ஆகிவிடும். ஊரே இவன் கன்னத்தைத் தடவிவிட்டுப் போகும். போன மாதம் புது நாய்வாரை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டி விளையாடியிருக்கிறான். அப்பா அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "போகட்டும்டா மகனே. நாய்தான, போனாப் போகட்டும். நீ இருக்கியே" என்றார். அவர் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன்.

உயிரோடிருப்பவன் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் இருவரில் ஒருவரைக் கடல் கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள், உனக்கும் தெரியும். நான் பள்ளிக்கூடம் போனவள், நர்சிடம் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஊசி போட வைக்கிறவள். நம்பவில்லை. ஆனால் உன் முதல் கடிதம் வந்த வாரம் அவனுக்கு மூன்று நாள் காய்ச்சல். நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. நீ வந்து படகுத்துறையில் இறங்கிவிட்டால் இவன் யார்? அப்பாவுக்குத் தன் மகன் கிடைத்துவிட்டபின், ஒரு குழந்தையை நிறுத்தி, 'நீ அவன் இல்லை, சும்மா சொன்னோம்' என்று எந்த வாயால் சொல்வேன்?

வா என்று ஒரு வார்த்தை கேட்டாய். மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்துவிட்டேன். அடித்த இடம் கீழே இருக்கிறது, பார்த்துக்கொள்.

அடுத்த மாதம் எல்லோரும் படகில் கிளம்புகிறோம். வெளித்தீவுகள், முட்டைப்பாறை, ஆற்று மீன், கடைசியில் வழக்கம்போல உன் சிலுவை. வந்து எழுதுகிறேன். கோபப்படாதே. கோபப்பட்டாலும் எழுது.

மாலேனே

*

கிளாக்ஸ்விக்
28 ஜூலை 1968

அன்புள்ள மாலேனே,

கோபமில்லை. எல்லோரும் சுகமாக இருங்கள். அடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்டுக் கப்பலில் ஏறப்போவதில்லை. அந்தப் பெயரை ஆறு வருடமாக நான் பயன்படுத்தவில்லை. இங்கே நான் ஸ்வெரி, யாருக்கும் வேறொன்று தெரியாது. அங்கே ஒருவனுக்கு அது பொருந்தியிருக்கிறது, அப்பாவும் அவனிடம் பேசுகிறார். அவனே வைத்துக்கொள்ளட்டும். நான் செத்தவனாகவே இருந்துவிடுகிறேன். உயிரோடிருந்தபோது செய்ததைவிட அதில் உபகாரம் அதிகம்.

அவனுக்குக் காய்ச்சல் வந்தால் காலைச் சூடாக வை. நமக்கு அம்மா அப்படித்தான் செய்வாள்.

அண்ணன்

*

கடைக்கோடிப் பாறைக் கூடாரம்
14 ஆகஸ்டு 1968

அண்ணா,

இதை மடியில் பலகை வைத்து எழுதுகிறேன், எழுத்து குதிக்கும். நீ சுகமா, கப்பல் ஏறினாயா, என் போன கடிதம் கிடைத்து முகம் திருப்பிக்கொண்டாயா, ஒன்றும் தெரியாது. எதுவானாலும் இதை முழுதும் படி. பாதியில் தூக்கிப் போடாதே.

கிளம்பிப் பதினெட்டு நாளாயிற்று. யோனாஸின் படகு, உனக்குத் தெரியுமே, நினைத்தால் ஓடும். பிள்ளைகள் இருவரையும் இடுப்பில் கயிறு போட்டுப் பாய்மரத்தில் கட்டியிருந்தேன். சின்னவன் கட்டிப்போட்ட இடத்திலிருந்தே படகை நடத்தினான். "மச்சான், மெதுவா விடு. என் தங்கச்சிக்குத் தலை சுத்துது" என்று அதட்டினான். பக்கத்தில் ஒரு திமிங்கலம் எழுந்து மூச்சு விட்டது. அந்த நாற்றம் உனக்கு நினைவிருக்கிறதா? இவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பல்லு வெளக்குடா!" என்று அதைப் பார்த்துக் கத்தினான். நிவி பனிமலைகளை எண்ணி எண்ணி நானூறில் சலித்துப்போய், இனிமேல் நீலமானதை மட்டும்தான் எண்ணுவேன் என்று சொல்லிவிட்டாள். முட்டைப்பாறையில் ஆலாக்கள் தலையைக் கொத்த வந்தன. பிள்ளைகள் இரண்டும் துடுப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்து அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. ஆற்றுவாயில் மீன் ஏராளம். கருப்புப் பழம் தின்று எல்லோருக்கும் நாக்கு நீலம்.

நேற்று முன்தினம் இங்கே வந்து சேர்ந்தோம். சின்னவன் ஒவ்வொரு வருடமும் செய்வதுபோல நிவியைக் கூட்டிக்கொண்டு சிலுவைக்குப் போனான். "இங்கதான் நான் செத்தேன்" என்று பெருமையாகக் காட்டினான். "தெரியும் மாமா, போன வருஷமே சொன்னீங்க" என்றாள் அவள்.

நேற்று மதியம் தெற்கிலிருந்து காற்று பிடித்தது. அந்தக் காற்று உனக்குத் தெரியும். யோனாஸ் படகைக் காப்பாற்ற ஓடினான். நாங்கள் கூடாரத்துக்குள் இருந்தோம். நடுக்கம்பு மடாரென்று ஒடிந்தது. துணி எங்கள்மேல் விழுந்து அடித்துக்கொண்டது. பிள்ளைகளை அடியில் போட்டுக்கொண்டு நான் மேலே கவிழ்ந்து கிடந்தேன். மழை உள்ளே இறங்கிற்று. இரண்டும் நனைந்து பல் கிடுகிடுக்க நடுங்கின. இந்தப் பாறையில் ஒரு குச்சி கிடையாது. அப்பாவைக் காணோம்.

துணி விளிம்பைத் தூக்கிப் பார்த்தேன். அப்பா அந்த முழங்காலோடு சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார். தோளில் உன் சிலுவை.

"அப்பா! அது அண்ணனோடதுப்பா!" என்று அலறினேன்.

"ஒரு முனையப் புடிடி. நிக்காத."

"செத்தவன் சிலுவையப் புடுங்கலாமாப்பா? பாவம்ப்பா!"

"எவன் செத்தான்?" என்றார். காற்றுக்கு மேல் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. "கையுறைய மடிச்சு வெச்சுட்டாடி சாவான் ஒருத்தன்? கல்ல எடுத்து மேல வெச்சுட்டாடி சாவான்? புடி!"

பிடித்தேன். குறுக்குக்கட்டையோடு அது அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. கூடாரம் நின்றது. உன் பெயரெழுதிய பலகை எங்கள் தலைக்குமேல் இருந்தது, பிறந்த வருடமும் செத்த வருடமும் போட்டு. அதற்குக் கீழே உட்கார்ந்து காபி குடித்தோம்.

அப்பா மேல்சட்டைக்குள்ளிருந்து உன் ஈட்டி முனையையும் கையுறைகளையும் எடுத்து முன்னால் வைத்தார். சிலுவை நடக் கல்லைப் புரட்டிய அன்றே பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு அதன் மேலேயே நட்டிருக்கிறார்.

"புள்ள என்னை விட்டுப் போயிட்டான்னு சொல்றதவிடக் கடல் எடுத்துக்கிச்சுன்னு சொல்றது லேசா இருந்துச்சு" என்றார். "அதுக்காகப் பச்சைக் குழந்தைக்கு உயிரோட இருக்கிறவன் பேர வெச்சேன். இவனுக்குக் காய்ச்சல் வர்றப்பல்லாம் என்னால வந்துச்சோன்னு செத்துச் செத்துப் பொழைச்சேன்."

நானும் கொட்டிவிட்டேன். மாவு டப்பா, உன் கடிதங்கள், விரல், ஸ்வெரி, எல்லாம். அப்பா அந்தக் கையுறைகளை மறுபடி மடித்து வைத்தார். பிறகு, "மாவு டப்பாவுலயா? அதான் ரொட்டில மை வாசன அடிச்சுதா" என்றார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். ஒரே பொய்யை ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக ஒளித்து வைத்திருக்கிறோம் அண்ணா.

சின்னவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்போ நான் சாகலயா?" என்றான்.

"இல்லடா" என்றேன்.

"ஒரு தடவகூடவா?"

அவனுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து உதடு பிதுங்க, "அப்போ நான் யாரு?" என்றான். நான்கு மாதமாக நான் பயந்த கேள்வி. பதில் சொன்னது யோனாஸ். படகைக் கட்டிவிட்டு வந்து நனைந்த நாய் மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து, "கடைத்தெருவுல ஊலேன்னு ஒரே பேருல ரெண்டு பேர் இருக்காங்கல்ல? ஒருத்தர ஒருத்தர் என்னன்னு கூப்பிட்டுக்குவாங்க?" என்றான்.

"பாதின்னு."

"ஏன்?"

"ஒரே பேரு. ஆளுக்குப் பாதி."

"அதான். உனக்கு ஒரு பாதி அந்தக் கரையில இருக்கான். வந்தா ஒருத்தருக்கொருத்தர் கையால ஏதாவது குடுத்துக்கணும். குடுத்துட்டா யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமா. நேர்ல பாத்துக் கூப்பிட்டாத்தான் அந்தப் பேரு ஒட்டும்" என்றார். சொன்னது மருமகன்தான் என்று அவரால் நம்பவே முடியவில்லை.

இப்போது வெயில் அடிக்கிறது. ஒடிந்த கம்பில் காபி கொதிக்கிறது. சிலுவை இருந்த இடத்தில் சின்னவன் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தான். யாரும் திட்டவில்லை.

அண்ணா, வா. இதோ, அடிக்காமல் எழுதியிருக்கிறேன். வா.

மாலேனே

*

கங்காத்சியாக்
10 செப்டம்பர் 1968

மகன் செவரீனுக்கு,

தாத்தா சொல்லச் சொல்ல நிவி எழுதுகிறேன். தாத்தா ரொம்ப நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார்.

இங்கே சுகம். கடலில் இன்னும் பனி கட்டவில்லை. மீன் காய்ந்துவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ செத்தவனாகவே இருந்துவிடுவதாக எழுதிய கடிதம் நாங்கள் திரும்பியபின் வந்தது. மாலேனே படித்துக் காட்டினாள். அதை அடுப்பில் போடச் சொல்லிவிட்டேன்.

நாய்கள் போன அன்று நான் பேசாமலிருந்தது கோபத்தால் என்று நினைத்திருக்கிறாய். மேட்டிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வண்டி மறைந்தது. நீ மறைந்தாய். உன் தலை மேலே வருவதற்குள் நான் உன்னை ஒரு முறை புதைத்துவிட்டேன். நீ ஏறி வந்தாய். வாயைத் திறந்தால் பெண்பிள்ளை மாதிரி அழுதுவிடுவேன் என்று திரும்பி நடந்தேன். பிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு நாள் போனால் இரண்டாம் நாள் இன்னும் கடினமாக இருந்தது. தட்டில் கறி வைத்தேன். அதுவே பேச்சு என்று நினைத்தேன்.

நாயை நான் நினைக்கவே இல்லை.

பெயரை விட்டுவிடாதே. அது கிழிந்து இரண்டானால் இரண்டு பேருக்கும் குளிரும்.

பெட்டை நாய் நான்கு குட்டி போட்டிருக்கிறது. ஒன்றுக்குக் காது ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது, முன்நாய் மாதிரி.

அப்பா

(தாத்தா இப்போது வெளியே போய் நிற்கிறார். கொசு இல்லாத நாளில் கண்ணில் கொசு விழுந்துவிட்டதாம். நிவி.)

*

கிளாக்ஸ்விக்
21 அக்டோபர் 1968

அப்பாவுக்கு,

நிவியின் எழுத்தில் வந்த கடிதமும், கூடாரத்திலிருந்து மாலேனே எழுதியதும் ஒரே நாளில் கையில் கிடைத்தன. உங்கள் முழங்காலுக்குச் சூடு வைக்கிறார்களா? கூடாரத்தில் நனைந்த பிள்ளைகளுக்கு இருமல் ஒன்றுமில்லையே?

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போனேன். ஈரமாகி எழுத்து கலைந்துவிட்டது. பரவாயில்லை, மனப்பாடம். கப்பலில் எல்லோரும் சாப்பிடும்போது என் தட்டில் கறியை வைத்த சமையல்காரரிடம் திடீரென்று அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், "உப்பு கூடிப்போச்சா?" என்றார்.

அப்பா, நீங்கள் முனையைச் சுற்றிப் போகச் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. இதை உங்களிடம் சொல்ல ஆறு வருடம் கடலைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

இந்த ஊரிலிருந்து உங்கள் பக்கம் வரும் மீன்பிடிக் கப்பல்கள் இந்த வருடத்துக்கு முடிந்துவிட்டன. மே மாதம் முதல் கப்பலில் இடம் சொல்லிவிட்டேன். இந்த முறை கப்பல்தலைவர் பட்டியலில் எழுதும்போது பக்கத்திலேயே நின்று, எழுத்து எழுத்தாகச் சொல்லி, செவரீன் என்றே எழுத வைத்தேன். "இத்தன நாளா ஏன்டா சொல்லல?" என்று முறைத்தார். மாலேனே, இனி உறையிலும் அப்படியே எழுது. தபால்காரரிடம் சொல்லிவிட்டேன்.

சாய்ந்த காதுக் குட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

என் பாதிக்குத் தனியாக இரண்டு வரி. நீ இத்தனை நாள் என் வீட்டில் என் இடத்தைக் குளிராமல் பார்த்துக்கொண்டாய். நான் வந்தால் நகர்ந்துகொள்ள வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். கையால் கொடுக்க ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். நல்ல நார்வே மரத்தில் நேரான கம்பு, கூடாரத்துக்கு. என் உயரத்துக்கு மேல் ஒரு முழம். சிலுவையை இனி விறகாக்கிக்கொள்ளலாம்.

உங்கள் மகன்,
செவரீன்

*

கங்காத்சியாக்
26 நவம்பர் 1968

என் பாதிக்கு,

நான் செவரீன் பேசுகிறேன். நிவி எழுதுகிறாள். அவள் இன்னும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். நீ வந்தபின் உன்னையும் மாமா என்று கூப்பிட வேண்டும் என்பதால் இப்போதே அலுத்துக்கொள்கிறாள்.

நான் சுகம். நீ சுகமா? எனக்கு இருமல் வந்து போய்விட்டது. தங்கச்சி பயப்படவே இல்லை, உன் கடிதத்தில் இருந்ததாம், காலில் சூடான கல் வைத்தாள். கடைசிக் கப்பல் வெளியே நிற்கிறது. மச்சான் சீக்கிரம் முடி என்கிறான். வெளியே பனி கட்டத் தொடங்கிவிட்டது.

சிலுவையை விறகாக்க மாட்டோம். அப்பா அதை அறுத்து நாய்வண்டிக்குப் பின்கட்டை செய்துவிட்டார், நீ பிடித்துக்கொள்ள. பெயர்ப் பலகையில் நீ பிறந்த வருடத்தை விட்டுவிட்டுச் செத்த வருடத்தைச் செதுக்கி எடுத்தார். இப்போது அங்கே பள்ளமாக இருக்கிறது.

காது சாய்ந்த குட்டி என்னைக் கடிக்கிறது. உன்னையும் கடிக்கும்.

நீ கம்பு தருவதால் நானும் ஏதாவது தர வேண்டும். என்னிடம் ஒன்றும் இல்லை. பாறையில் கிடைத்த உன் கையுறைதான் இருக்கிறது. அதில் வலது கை உனக்கு, இத்துடன் வைத்திருக்கிறேன். இடது கையை நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு ரொம்பப் பெரிது, முழங்கைவரை வருகிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று அப்பா சொல்கிறார்.

நீ அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதே.

உன் பாதி,
செவரீன்